கடலோரத்தில் ஒரு பாலைநில ஓணான்

ஓணானைக் கண்டால் கல்லெடுப்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத பழக்கமாக இருந்தது. தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டுக்கொண்டு வேலியோரம் காத்துக் கிடந்தவர்கள் கடலூர், சிதம்பரம் பக்கத்து ஊர்களில் இன்று நடுவயதுக்காரர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் இப்போது அதே ஓணான் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஆஸ்திரேலியப் பிராணியைப் பெட்டியில் வைத்து, தலைக்கு மேல் விளக்குப் போட்டு, இடுக்கியால் பூச்சி ஊட்டி வளர்க்கிறார்கள். பியர்டட் டிராகன் என்பது அதன் கடைப்பெயர். கோபம் வந்தாலோ பயந்தாலோ தொண்டையில் உள்ள முட்களை உப்பவைத்துக் கறுக்கும். பார்க்கத் தாடி போல இருக்கும். சென்னையின் சில வீடுகளோடு நின்றிருந்த இந்த ஆசை சிறு நகரங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

கல்லெடுத்த கை உணவூட்டும் கையாக மாறியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அயல்நாட்டு உயிரினங்களை வீட்டில் வைத்திருப்பது பற்றி நம் சட்டம் கடந்த சில ஆண்டுகளில் நிறையப் பேசிவிட்டது. யாரிடம் இருக்கிறது, எங்கிருந்து வந்தது, யாருக்குக் கைமாறியது என்றெல்லாம் கேட்கிறது. அந்தப் பிராணி இன்று காலை எத்தனை மணிக்கு வெயில் பார்த்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதன் உயிரோ அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் கிழக்கு, மத்தியப் பகுதிகளின் வறண்ட உள்நாடுதான் இதன் பிறப்பிடம். கட்டாந்தரை, குட்டை மரங்கள், சுள்ளென்ற வெயில், ஈரமே இல்லாத காற்று. வளர்ந்த ஓணான் மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒன்றரை முதல் இரண்டு அடி இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்தாண்டு வாழும். அதைத் தாண்டுவதும் உண்டு. அதன் உடலுக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. சாப்பிட்டது செரிக்க, நோயை எதிர்க்க, ஓட, ஒளிய எல்லாவற்றுக்கும் வெளியிலிருந்து வெப்பம் வேண்டும்.

சிதம்பரத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பழைய கொள்ளிடக் கரையில் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும் முதலையை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வெள்ளக் காலத்தில் ஊருக்குள் வரும் முதலைகளை வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி ஏரியில் விடும் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. வாயைப் பிளந்து கிடப்பது கூடுதல் சூட்டை வெளியேற்றும் வழிகளில் ஒன்று. பெட்டிக்குள் இருக்கும் பியர்டட் டிராகனும் விளக்கடியில் அப்படியேதான் வாயைத் திறந்து வைத்திருக்கும். புதிதாக வாங்கியவர்கள் அதைப் பார்த்து மூச்சுத் திணறுகிறது என்று பதறி விளக்கை அணைத்துவிடுகிறார்கள்.

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்றில் ஒரு காலைப் பொழுதை ஓணான் பெட்டியின் முன் கழித்தேன். ஏழு மணிக்கு விளக்கு எரியத் தொடங்கியபோது ஓணான் கட்டைக்கடியில் கரிய பழுப்பு நிறத்தில் கிடந்தது. சிறிது நேரம் கண்களை மட்டும் உருட்டியது. பிறகு மெல்ல ஏறி, விளக்குக்கு நேர் கீழே இருந்த தட்டைக் கல்லில் வயிற்றை அழுத்தி, விலா எலும்புகளை விரித்துப் பலகை போலத் தட்டையானது. கருமை வெப்பத்தை ஈர்க்க உதவும் என்பதால் காலையில் அந்த நிறம். அரை மணி நேரத்தில் முதுகு வெளிறி மணல் நிறத்துக்கு வந்தது. நான் செம்பருத்திப் பூவை நீட்டப் போனேன். வீட்டுப் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "இருங்க மாமா, உடம்பு சுடட்டும். சுடாம சாப்பிட்டா வயித்துல அப்படியே கெடக்கும்." பத்தாவது படிக்கும் பிள்ளை. இந்த ஒரு வரி தெரியாமல் எத்தனை பேர் விற்கிறார்கள், எத்தனை பேர் வாங்குகிறார்கள்!

வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பெட்டியின் மறுகோடி 25லிருந்து 29 டிகிரிக்குள். சூடு ஏறினால் நகர்ந்துகொள்ளவும் தணிந்தால் திரும்பவும் அதற்கு இடம் வேண்டும். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பது வளர்ந்த ஓணானுக்குக் குறைந்தபட்ச வீடு. இரவில் விளக்கு எதுவும் கூடாது. சிவப்பு பல்பும் வேண்டாம். ஓணானின் உச்சந்தலையில் ஒளியை உணரும் மூன்றாவது கண் ஒன்று உண்டு. இருட்டும் அதற்குத் தேவை. நம் கடற்கரையில் மார்கழியிலும் இரவு அவ்வளவாகக் குளிர்வதில்லை என்பதால் இராச்சூடும் அவசியமில்லை.

வெப்பத்தைத் தரும் விளக்கு வேறு, புற ஊதா ஒளி தரும் விளக்கு வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் பல ஓணான்கள் ஊனமாகின்றன. வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் உடலில் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் உணவில் உள்ள சுண்ணாம்புச் சத்து உடலில் ஒட்டும். இல்லையென்றால் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவிச் செலவழிக்கும். முதலில் விரல்கள் துடிக்கும். பிறகு தாடை ரப்பர் போல மெத்தென்றாகும், முதுகு வளையும், பின்னங்கால்கள் இழுபடும். இத்தனையும் வெளியே தெரிவதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் இந்தக் கதிர் கிடையாது. கண்ணாடி அதைத் தடுத்துவிடும். புற ஊதாக் குழல்விளக்கும் கண்ணுக்குப் பிரகாசமாகவே எரிந்துகொண்டிருக்கும், கதிர் மட்டும் குறைந்துகொண்டே வரும். ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் அதை மாற்றியாக வேண்டும்.

இதன் செலவை வாங்குவதற்கு முன்பே உட்கார்ந்து கணக்குப் போடுவது நல்லது. 100 வாட் வெப்ப விளக்கு நாளுக்கு 12 மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். 24 வாட் புற ஊதாக் குழல்விளக்கு இன்னொரு 17. தமிழக அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் ஏறத்தாழ 90 இந்த ஒரு பெட்டிக்கே போய்விடும். வெளியில் வெயில் கொளுத்தும் ஊரில், வீட்டுக்குள் வெயிலைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

அதனால் மொட்டை மாடி வெயிலை நான் பெரிதும் பரிந்துரைக்கிறேன். காலை எட்டு, ஒன்பது மணி வெயிலில், நிழலும் சேர்ந்து கிடைக்கும்படி, கம்பிவலைக் கூண்டில் அரை மணி நேரம். எந்த விளக்கும் அதற்கு ஈடாகாது. கண்ணாடிப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் உள்ளே வெந்துவிடும். காகமும் பூனையும் வேறு இருக்கின்றன. ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கடலூர், சிதம்பரத்தின் உண்மையான சிக்கல் வெயில் அல்ல, ஈரம்தான். இந்த ஓணானுக்கு உகந்த ஈரப்பதம் 30 முதல் 40 விழுக்காடு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் வீட்டுக் காற்றே 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். ஜாடியில் உள்ள உப்பு நீர்விட்டுக்கொள்ளும் காலம் அது. வாரக்கணக்கில் அந்த ஈரத்தில் கிடக்கும் பாலைநிலப் பிராணிக்கு நுரையீரல் தொற்றும் தோலில் பூஞ்சையும் வர வாய்ப்பு அதிகம். மூக்கில் நுரை, மூச்சில் கிளிக் என்ற ஒலி, எப்போதும் தலையைத் தூக்கியே வைத்திருப்பது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். மீன் தொட்டியை இதன் வீடாக்கிக் கொடுக்கும் கடைக்காரர்கள் மீது எனக்குள்ள கோபம் இதனால்தான். காற்றோட்டமில்லாத கண்ணாடித் தொட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் வலையடித்த மரப்பெட்டியை உள்ளூர்த் தச்சரே செய்துதருவார். தரையில் மணல் வேண்டாம்; பூச்சியோடு சேர்த்து விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். நாளிதழை விரித்து, நாள்தோறும் மாற்றுவதே போதும்.

சித்திரையில் சிக்கல் தலைகீழாகும். அக்னி நட்சத்திர நாட்களில் அறையே 36, 37 டிகிரியில் இருக்கும்போது பெட்டியில் குளிர்ந்த மூலை என்று ஒன்று இருக்காது. அப்போது வெப்ப விளக்கின் நேரத்தைக் குறைத்து, மின்விசிறிக் காற்று படும் அறைக்குப் பெட்டியை மாற்ற வேண்டும். வெப்பமானி இல்லாமல் இதைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. பெட்டியின் இரு கோடிகளிலும் ஒவ்வொன்று வேண்டும்.

புயலையும் சேர்த்தே யோசிக்க வேண்டிய மாவட்டம் இது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த பிறகு, நெய்வேலியில் மின்சாரம் தயாரிக்கும் இதே மாவட்டத்தின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியதை அடுத்துப் பெண்ணையாற்று வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. விளக்கு எரியாத நாட்களில் வளர்ந்த ஓணானுக்கு உணவு தரக் கூடாது. சூடில்லாத வயிற்றில் உணவு செரிக்காமல் அழுகும். தண்ணீர் மட்டும் போதும். உடம்பு நன்றாக இருக்கும் ஓணான் சில நாட்கள் பட்டினியைத் தாங்கிக்கொள்ளும். குட்டிகளுக்கு அந்தத் தாங்குதிறன் குறைவு. ஐப்பசி பிறப்பதற்குள் இன்வெர்ட்டரில் ஒரு இணைப்பைப் பெட்டிக்கு ஒதுக்கி வைப்பவர்தான் இதை வளர்க்கத் தகுதியுள்ளவர் என்பேன்.

உணவுக்கு வருவோம். குட்டிப் பருவத்தில் பெரும்பகுதி பூச்சி, சிறுபகுதி இலை. வளர்ந்த பிறகு இது மாறி இலையே முக்கால் பங்குக்கு மேல் இருக்க வேண்டும். பூச்சியின் அளவு ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. கடைசி வேளைக்கும் விளக்கணைப்புக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது வேண்டும். மிஞ்சிய வெட்டுக்கிளியையோ சில்வண்டையோ இரவில் பெட்டிக்குள் விட்டுவைத்தால் தூங்கும் ஓணானை அவை கடிக்கும். பூச்சியைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிக் கொடுப்பது தினசரிக் கடமை.

நம் வீட்டு வழக்கம் இங்கே இடிக்கும். கீரை நல்லது என்று நினைத்து அன்றாடம் சமைக்கும் தண்டுக்கீரையையும் பாலக்கையும் கிள்ளிப் போடுகிறோம். ஆக்ஸலேட் மிகுந்த கீரைகள் உடலில் சேர வேண்டிய சுண்ணாம்பைப் பிணைத்து வெளியே தள்ளிவிடும். பரங்கிக்காய்த் துருவல், செம்பருத்திப் பூவும் இலையும், மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி எல்லாம் நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பவை, இதற்கும் ஏற்றவை. பூச்சியை வயலில் பிடித்துக் கொடுக்கும் யோசனையை விட்டுவிட வேண்டும். நெல்லும் கரும்பும் விளையும் வயல்களில் எந்த வரப்பில் என்றைக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மருந்துண்ட வெட்டுக்கிளி ஓணானையும் கொல்லும். எல்லாவற்றையும்விடக் கொடியது மின்மினி. அதன் உடலில் உள்ள நஞ்சால் ஒரே ஒரு மின்மினியைத் தின்று பியர்டட் டிராகன்கள் இறந்தது கால்நடை மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. மழைக்காலத்து இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் பறந்துவரும் எந்தப் பூச்சியையும் கொடுக்கக் கூடாது என்பதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

ஜோடியாக வளர்த்தால் சந்தோஷமாக இருக்கும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். ஒன்றின் மேல் ஒன்று படுத்திருப்பதைப் பாசம் என்று நாம் படமெடுக்கிறோம். மேலே இருப்பது கீழே இருப்பதன் வெயிலைப் பறித்துக்கொண்டிருக்கிறது. காட்டில் இது தனித்து வாழும் பிராணி. ஒரு பெட்டிக்கு ஒன்றுதான். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் அலசாமல் இருப்பதும் மனிதருக்கான எச்சரிக்கைகள். ஆரோக்கியமாகத் தெரியும் ஓணானின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் இதை வளர்க்காமல் இருப்பதே நல்லது.

இத்தனை நுணுக்கமான உயிர் நம்மிடம் எப்படி வந்து சேர்கிறது? ஆஸ்திரேலியா தன் நாட்டு ஊர்வனவற்றை வணிகத்துக்காக உயிருடன் ஏற்றுமதி செய்வதை நெடுங்காலமாகத் தடை செய்திருக்கிறது. உலகெங்கும் விற்பனையில் இருக்கும் பியர்டட் டிராகன்கள், முன்பு அங்கிருந்து கடத்தப்பட்டவற்றின் சந்ததி என்றே கருதப்படுகிறது. நம் விமான நிலையங்களில் ஊர்வன எந்த நிலையில் வந்திறங்குகின்றன என்பதற்குச் சான்றுகள் நிறைய. 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னைக்கு வந்து யாரும் உரிமை கோராத பைகளில் 45 பால் பைத்தான் பாம்புகள் உட்படப் பல உயிர்கள் இருந்தன. அவை பாங்காக்குக்கே திருப்பி அனுப்பப்பட்டன. 2022 அக்டோபரில் மும்பை விமான நிலையச் சரக்குப் பிரிவில், அலங்கார மீன்கள் என்ற பெயரில் வந்த பெட்டிகளில் 665 உயிரினங்கள் சிக்கின. பாம்பு, ஆமை, ஓணான், இக்வானா எல்லாம் இருந்தன. அவற்றில் 117 ஏற்கெனவே இறந்திருந்தன. பிழைத்து உள்ளே வருபவை கடைக்குப் போகின்றன. கடையில் அவற்றைப் பார்த்து ஆசைப்படுகிறவருக்கு இந்தப் பயணம் தெரிவதில்லை.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2022ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவற்றை அதன் நான்காம் அட்டவணை சேர்த்துக்கொண்டது. பச்சை இக்வானா, பால் பைத்தான் போன்றவற்றை வைத்திருப்பவர்கள் பதிய வேண்டும் என்று 2024 பிப்ரவரி 28 அன்று விதிகள் வந்தன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய ஆறு மாதம் தரப்பட்டது. செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவுபெற வேண்டும் என்ற விதி 2018லிருந்தே இருக்கிறது. தேவையான விதிகள் இவை. ஆனால் ஒப்பந்தப் பட்டியல் என்பது வணிகத்தால் அழியக்கூடிய இனங்களைக் காப்பாற்ற எழுதப்பட்டது. ஒரு வீட்டின் பெட்டிக்குள் இருக்கும் தனி உயிரின் துன்பம் அந்தப் பட்டியலின் பொருள் அல்ல. பியர்டட் டிராகன் போல வீட்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்படும் பிராணிகளின் வாழ்வு இந்த இடைவெளியில் விழுந்துவிடுகிறது.

வீட்டில் குஞ்சு பொரிப்பதிலும் நம் ஊர் வெப்பம் கைவைக்கிறது. 32 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் அடைகாக்கப்பட்ட முட்டைகளில், மரபணுவில் ஆணாக இருக்க வேண்டியவை பெண்ணாகப் பிறப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டு 2015ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். வைகாசி வெயிலில் பீரோ மேல் முட்டைப் பெட்டியை வைத்துப் பொரிக்க முனைபவர்களுக்கு எதோடு விளையாடுகிறோம் என்பது தெரிந்திருக்குமா?

என் நிலைப்பாட்டைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நம் கடற்கரை மாவட்டத்தில் இந்தப் பிராணியைப் புதிதாக யாரும் வாங்க வேண்டாம். ஓணான் மேல் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு இங்கேயே பார்க்க நிறைய இருக்கிறது. விசிறித்தொண்டை ஓணானுக்கு 1829ல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே அறிவியல் பெயர் சூட்டியபோது, பக்கத்திலுள்ள புதுச்சேரியின் பெயரைத்தான் அதில் வைத்தார். கோடையில் அதன் ஆண், மணல்வெளியில் சிறு மேட்டின் மீதேறித் தன் தொண்டை விசிறியை விரித்து மடக்கும். அதற்கு மின்கட்டணம் இல்லை. தொலைவில் நின்று பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும், பிடிக்கத் தேவையில்லை.

ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட ஓணானின் கதை வேறு. அதற்கு நம்மைத் தவிர நாதியில்லை. உடம்பு சரியில்லாத ஓணானைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று அந்த அண்ணாமலை நகர் வீட்டுப் பையனின் தாய் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கால்நடை மருத்துவமனைகள் மாடும் ஆடும் கோழியும் நாயும் பார்ப்பதற்கே திணறுகின்றன. அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியிலும் ஒரத்தநாட்டிலும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் இருக்கின்றன. இவற்றின் துணையோடு மாதத்தில் ஒரு நாள் கடலூரிலும் ஒரு நாள் சிதம்பரத்திலும் ஊர்வனவற்றுக்கான சிகிச்சை முகாம் நடத்த முடியும். எச்சத்தைப் பரிசோதித்துக் குடற்புழு பார்ப்பது, தாடையைத் தொட்டு எலும்பின் உறுதி பார்ப்பது, எடை போட்டு எழுதி வைப்பது ஆகியவற்றுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் போதும்.

விற்கும் கடை ஒவ்வொன்றும், பில்லோடு சேர்த்து, தமிழில் அச்சிட்ட ஒரு பக்கப் பராமரிப்புக் குறிப்பைத் தர வேண்டும் என்று விலங்குகள் நல வாரியம் உத்தரவிடலாம். வெப்பநிலை, புற ஊதா விளக்கு, அதை மாற்ற வேண்டிய மாதம், கூடாத கீரைகள், மின்மினி. இவ்வளவு போதும். இந்த விவரங்களைத் தர முடியாத கடைக்கு அந்த உயிரை விற்கும் அனுமதியும் கூடாது.

வளர்க்க முடியாமல் போகிறவர்களும் இருப்பார்கள். வேலை மாறும், வீடு மாறும், பிள்ளை கல்லூரிக்குப் போய்விடும். அவர்களில் சிலர் இருட்டியதும் பிச்சாவரம் பக்கமோ கொள்ளிடக் கரையிலோ கொண்டுபோய் விட்டுவிட நினைக்கிறார்கள். அந்தச் சேற்று ஈரத்தில் பெட்டியில் வளர்ந்த ஓணான் அதிக நாள் தாங்காது. சாகும் முன் தன் உடலில் உள்ள கிருமிகளையும் ஒட்டுண்ணிகளையும் நம் ஓணான்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். அப்படி விடாமலிருக்க அவர்களுக்கு வேறு வழி ஒன்று திறந்திருக்க வேண்டும். ஊருக்குள் புகுந்த முதலையைப் பொறுமையாகப் பிடித்து உயிரோடு வக்காரமாரியில் கொண்டுவிடும் வனத்துறைக்கு, அயல்நாட்டு ஓணானை ஒப்படைக்க வருபவரிடம் முதல் கேள்வியாகக் கடவுச்சீட்டு போலக் காகிதம் கேட்காமல், வழக்குப் போடாமல், வாங்கி வைத்துச் சரியான இடத்துக்கு அனுப்பும் அதிகாரத்தை அரசு எழுத்தில் தர வேண்டும். அடுத்த பருவமழைக்கு முன் அந்த ஆணை வந்துவிட்டால் நல்லது.